தோழியை வெல்லக் கற்றுக்கொடுத்தவர்

2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 11 ஆம் திகதி, வட கரோலினாப் பல்கலைக்கழகப் பெண்கள் உதைபந்தாட்ட அணியின் பயிற்றுநர் ஆன்சன் டொரன்ஸ் ஓய்வு பெறுகிறார் என்ற செய்தியை ரொறொன்ரோவில் என் வீட்டுச் சமையலறையில் நின்றபடியே வாசித்தேன். அவருக்கு அப்போது 73 வயது. புதிய பருவத்தின் ஆட்டங்கள் தொடங்க ஒரு வாரம்கூட இருக்கவில்லை. 1979 இல் அந்த அணி உருவான நாள் தொட்டு 45 பருவங்கள் அவர் ஒருவரே அதற்குத் தலைமைப் பயிற்றுநராக இருந்தார். எமது கல்லூரிப் பழைய மாணவிகள் சங்க மலருக்கு, மனதில் நிலைத்துவிட்ட ஓர் ஆசிரியரைப் பற்றி எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, எனக்குக் கற்பித்த எத்தனையோ ஆசிரியைகளின் முகங்கள் நினைவுக்கு வந்தும், எனக்கு ஒரு நாளும் பாடம் நடத்தாத, என்னுடன் ஒரு வார்த்தைதானும் பேசியிராத இந்த மனிதரைப் பற்றியே எழுத வேண்டுமென்று தோன்றியது.

1990 ஆம் ஆண்டு ஓகஸ்டில் பொதுச் சுகாதாரம் படிப்பதற்காக, அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் சப்பல் ஹில் நகருக்கு நான் சென்றேன். அந்த ஊரில் கூடைப்பந்துதான் சமயம் போன்றது. பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பயிற்றுநர் டீன் ஸ்மித்தின் பெயரைச் சொன்னால் கடைக்காரர்கூட எழுந்து நிற்பார். ஆனால் எனது விடுதியிலிருந்து வகுப்புக்குச் செல்லும் வழியில் இருந்தது ஃபெட்சர் மைதானம். பிற்பகல் வேளைகளில் வெளிர்நீலச் சட்டை அணிந்த பெண்கள் அங்கே பந்தைத் துரத்திக்கொண்டிருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் நான் வலைப்பந்து விளையாடியவள். உதைபந்து என்றால் அண்ணன்மாரின் கல்லூரிகளுக்கு உரியது, மைதானத்தின் ஓரத்தில் குடை பிடித்து நின்று பார்ப்பதே எமது பங்கு என்று வளர்ந்தவள். ஆகவே முதல் நாள் அந்த வேலியருகே நின்றபோது, அங்கு கண்டது எனக்கு விளையாட்டாகவே படவில்லை. ஒருத்தி மற்றவளைத் தோளால் இடித்துத் தள்ளிப் பந்தைப் பறித்தாள். விழுந்தவள் முணுமுணுக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. எழுந்து திரும்ப ஓடினாள்.

டொரன்ஸின் பிறப்பிடம் எமது உபகண்டம்தான் என்பதைப் பின்னர் அறிந்தேன். 1951 இல் பம்பாயில் பிறந்தவர் அவர். தந்தையார் எண்ணெய் நிறுவன அதிகாரி என்பதால் கென்யா, எதியோப்பியா, சிங்கப்பூர், பெல்ஜியம், சுவிற்சர்லாந்து என்று நாடு நாடாக வளர்ந்தவர். பின்னர் சப்பல் ஹில்லிலேயே படித்து, பல்கலைக்கழக ஆண்கள் அணியில் விளையாடி, 1977 இல் அந்த அணிக்கே பயிற்றுநரானார். சட்டம் படித்துக்கொண்டிருந்த அந்த இளைஞரிடம் 1979 இல் பெண்கள் அணியையும் ஒப்படைத்தார்கள். கல்வி நிறுவனங்களில் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடை செய்யும் கூட்டாட்சிச் சட்டம் 1972 இல் வந்திருந்ததால், பெண்களுக்கான அணிகளை அமைக்க வேண்டிய கட்டாயம் பல்கலைக்கழகங்களுக்கு ஏற்பட்டிருந்த காலம் அது. சட்டப் படிப்பை அவர் முடிக்கவில்லை. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் இரு அணிகளையும் ஒருசேரப் பயிற்றுவித்து, 1988 இன் பின்னர் ஆண்கள் அணியை விட்டுவிட்டு, பெண்கள் அணியுடனேயே நின்றுகொண்டார்.

வெற்றிகளின் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன், ஏனெனில் நான் சொல்ல வந்தது அதுவன்று. 1981 இல் பெண்கள் கல்லூரி விளையாட்டுச் சங்கம் நடத்திய முதலாவது தேசியப் போட்டியில் வென்றார்கள். 1982 இலிருந்து தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் அப்போட்டியைப் பொறுப்பேற்றது. அதன் கீழ் 2012 வரையில் 21 முறை கிண்ணத்தைத் தூக்கினார்கள். அவற்றுள் 1986 முதல் 1994 வரையான ஒன்பதும் தொடர்ச்சியானவை. நான் சென்ற வருடம் கனெக்டிகட் அணியிடம் தோற்ற ஆட்டத்துக்கு முன்னர், 103 ஆட்டங்களில் அவர்கள் தோல்வியையே கண்டிருக்கவில்லை. அந்தத் தோல்வியின் பின்னர் 92 ஆட்டங்களில் தொடர்ச்சியாக வென்றார்கள். எங்களுடையது பெண்கள் உதைபந்தாட்டப் பல்கலைக்கழகம், நாங்கள் அவர்களுக்கு ஈடுகொடுக்கத்தான் முயல்கிறோம் என்ற கருத்தில் டீன் ஸ்மித்தே ஒரு முறை சொன்னார் என்பார்கள்.

இனி நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். 1983 இல் எப்ரில் ஹைன்ரிக்ஸ் என்ற மாணவி அணியில் சேர்ந்தார். பயிற்சியிலும் இறுதி ஆட்டத்தில் போலவே மோதி விளையாடுவது அவர் வழக்கம். சக வீராங்கனைகளைத் தாண்டிச் செல்வதற்கு அவர் ஒருபோதும் தயங்கவில்லை. இதனால் மனம் நொந்த சிலர் பயிற்றுநரிடம் சென்று முறையிட்டார்கள். டொரன்ஸ் இந்நிகழ்வைப் பல தடவைகள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஹைன்ரிக்ஸை அடக்குவதற்குப் பதிலாக, மற்றவர்களையும் அவரைப் போல் ஆக்குவது எப்படி என்று அவர் யோசித்தார். பெண் பிள்ளைகளிடம் வெல்லும் வேட்கை இல்லாமல் இல்லை, தோழியை வென்றால் நட்புப் போய்விடும் என்ற பயத்தைச் சமூகம் அவர்களுக்குள் வைத்துவிட்டது என்பதே அவர் கண்டுகொண்டது.

இதை நான் முதன்முதலில் கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. எமது கல்லூரியின் இல்ல விளையாட்டுப் போட்டியில், நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது நடந்த 200 மீற்றர் ஓட்டத்தின் கடைசி வளைவில், முன்னால் ஓடிக்கொண்டிருந்த என் உயிர்த்தோழியை முந்தக்கூடிய மூச்சு எனக்குள் இருந்தது. நான் முந்தவில்லை. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியபின் அவள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் விட்டுக்கொடுத்தேன் என்று அவளுக்குத் தெரியாது, நெடுங்காலம் நான் சொன்னதும் இல்லை. பரீட்சைப் புள்ளிகளைக் கையால் மறைத்து ஒருவருக்கொருவர் காட்டாமல் வைத்திருந்தோம். முதலாம் இடம் வந்தவள் அன்று முழுவதும் மன்னிப்புக் கேட்பவள் போல நடந்துகொள்வாள். அதை நாங்கள் அடக்கம் என்று எண்ணியிருந்தோம்.

டொரன்ஸ் செய்த வேலை என்னவென்றால், அந்தப் போட்டியைப் பயிற்சித் திடலின் நடைமுறையாக்கியதுதான். டீன் ஸ்மித்தின் கூடைப்பந்துப் பயிற்சியில் ஒவ்வொரு செயலுக்கும் புள்ளி போடப்படுவதைப் பார்த்து, அம்முறையைத் தன் அணிக்கு எடுத்துக்கொண்டார். ஒருத்திக்கு ஒருத்தி மோதும் ஆட்டம், ஓட்டம், தலையால் அடித்தல், கோல் அடித்தல் என்று பயிற்சியில் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் வெற்றி தோல்வி குறிக்கப்பட்டது. அட்டைப் பலகையும் பென்சிலும் கையில் வைத்துக்கொண்டு திடல் ஓரத்தில் நிற்கும் மாணவ உதவியாளர்களை நான் வேலிக்கு வெளியே இருந்து எத்தனையோ நாட்கள் பார்த்திருக்கிறேன். குளிரில் விரல் விறைத்தால் கையுறையைக் கழற்றி ஊதிவிட்டு மறுபடியும் எழுதுவார்கள். தொகுத்த பெறுபேறுகள் முதலாமவரிலிருந்து கடைசியானவர் வரை வரிசைப்படுத்தப்பட்டு, எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்படும். யார் யாரை வென்றார் என்பதில் ஒளிவு மறைவு இல்லை. பயிற்றுநருக்குப் பிடித்தவள் என்ற பேச்சுக்கும் அதனால் இடம் குறைந்தது. திடலில் மோதிக்கொண்ட இருவர் அரை மணி நேரம் கழித்து ஒரே போத்தலில் தண்ணீர் குடித்துக்கொண்டு பிராங்க்ளின் வீதிப் பக்கமாக நடந்துபோவதை நான் கண்டேன். அந்தக் காட்சிதான் எனக்குப் பாடம்.

மைதானத்தில் இது எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான அணிகள் நான்கு பின்கள வீராங்கனைகளை நிறுத்தும்போது, இவர்கள் மூவரை மாத்திரமே பின்னால் வைத்துவிட்டு, முன்னால் மூவரை அனுப்பினார்கள். எதிரணியிடம் பந்து போன கணமே அதன் கோல் வாயிலருகே போய் நெருக்குவார்கள். கல்லூரி ஆட்ட விதிகள் தாராளமான மாற்றாட்டங்களை அனுமதித்ததால், முதற்பாதியின் நடுவிலேயே களைக்காத கால்கள் உள்ளே வரும். எதிரணிக்கு மூச்சு விட நேரம் கிடையாது. 1992 இன் இறுதி ஆட்டம் ஃபெட்சரிலேயே நடந்தது. எதிரணி, பத்து மைல் தொலைவில் உள்ள டியூக் பல்கலைக்கழகம். அன்று 9-1 என்று வென்றார்கள். மியா ஹாம் மூன்று கோல்கள் அடித்தார். 19 ஆம் இலக்கச் சட்டை அணிந்த அந்த மெலிந்த பெண், பந்து காலில் பட்டதும் உடலை ஒரு பக்கம் சாய்த்து, எதிரே நின்றவளை அந்தப் பக்கம் போகவிட்டு, மறுபக்கமாகப் போய்விடுவார். கிறிஸ்டீன் லில்லிக்கு அதுவே பல்கலைக்கழகத்துக்கான கடைசி ஆட்டம். ஆறாவது கோலுக்குப் பிறகும் அவர் பின்களம் வரை ஓடிவந்து பந்தைப் பறித்ததுதான் எனக்கு ஹாமின் கோல்களைவிடத் தெளிவாக நினைவிருக்கிறது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1991 நவம்பரில், சீனாவில் நடந்த முதலாவது பெண்கள் உலகக் கிண்ணத்தை அமெரிக்கா வென்றபோது, அந்த அணியின் பயிற்றுநரும் டொரன்ஸ்தான். 1986 முதல் 1994 வரை அந்தப் பொறுப்பையும் சேர்த்தே அவர் சுமந்தார். 18 பேர் கொண்ட குழுவில் பாதிப் பேர் சப்பல் ஹில் மாணவிகள் அல்லது பழைய மாணவிகள். அணித்தலைவி, அந்த எப்ரில் ஹைன்ரிக்ஸ். குவாங்சோவில் நோர்வேயை 2-1 என்று வென்ற இறுதி ஆட்டத்தில் இரு கோல்களையும் அடித்த மிஷெல் ஏகர்ஸ் வேறு பல்கலைக்கழகத்தவர் என்பதையும் நேர்மைக்காகக் குறிப்பிட வேண்டும்.

கடுமையான மனிதர் என்ற எண்ணம் இதுவரை வாசித்தவர்களுக்கு ஏற்பட்டிருக்கலாம். ஆண்களையும் பெண்களையும் ஒரே காலத்தில் பயிற்றுவித்ததால், இரு சாராரிடமும் பேசும் விதம் வேறாக இருக்க வேண்டும் என்று அவர் கற்றுக்கொண்டார். ஆணுக்கு அவன் செய்த பிழையை ஒளிப்பதிவில் காட்டினால்தான் நம்புவான், பெண்ணோ சொல்லும் முன்னரே தன் பிழையை அறிந்து தன்னை நொந்துகொண்டிருப்பாள், அவளுக்குக் காட்ட வேண்டியது அவள் நன்றாகச் செய்ததை என்பது அவருடைய அனுபவம். இதை முழுவதும் நான் ஏற்க மாட்டேன், என் இரு பிள்ளைகளிடமும் இது நேர்மாறாகவே இருக்கிறது. ஆனால் அந்த எண்ணத்திலிருந்து பிறந்த ஒரு பழக்கத்தை நான் மனமார மதிக்கிறேன். அவர் தன் வீராங்கனைகளுக்குக் கடிதம் எழுதுபவர். ஒரு நாள் காலை வேலைக்குப் போகும் வழியில், ஒரு பூங்காவில் யாரும் இல்லாத நேரத்தில் மியா ஹாம் தன்னந்தனியே ஓடிப் பயிற்சி செய்து, வியர்வையில் நனைந்து, குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பதைக் கண்டார். நிறுத்திப் பேசவில்லை. ஒருவரும் பார்க்காதபோது அப்படி நிற்பவளே வெற்றியாளர் என்ற பொருள்பட ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். இறுதியாண்டு மாணவிகளுக்கு, அவர்கள் அணிக்குத் தந்ததை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து எழுதுவதும் அவரது வழக்கம்.

1995 இன் அரையிறுதி என் கடைசி வருட நினைவு. ஃபெட்சரிலேயே நொட்ரடாம் அணியிடம் 0-1 என்று தோற்றார்கள். அந்த ஒரே கோல், முதலாம் ஆண்டு மாணவி சிண்டி பார்லோவின் தலையில் பட்டுத் தம் வலைக்குள்ளேயே போன பந்து. ஒன்பது ஆண்டுத் தொடர் அத்துடன் அறுந்தது. எமது சுற்றுப் படிக்கட்டுகளில் யாரும் உடனே எழுந்து போகவில்லை. அந்தப் பெண் அடுத்த ஆண்டும் விளையாடினார், அணி மீண்டும் கிண்ணம் வென்றது, பின்னர் அவர் அமெரிக்க அணிக்காக உலகக் கிண்ணமும் வென்றார்.

மறைக்கக் கூடாத ஒன்றையும் எழுத வேண்டும். 1998 இல் முன்னாள் வீராங்கனைகள் இருவர், அணிக்குள் பாலியல் சார்ந்த பேச்சுக்களில் அவர் ஈடுபட்டார் என்று வழக்குத் தொடர்ந்தார்கள். தொந்தரவு செய்ததாகக் கூறப்பட்டதை அவர் மறுத்தார், ஆனால் அத்தகைய கேலிப் பேச்சில் பங்குகொண்டது தகாதது என்று எழுத்தில் வருத்தம் தெரிவித்தார். ஒரு வழக்கு 2004 இலும் மற்றது 2008 இலும் சமரசத்தில் முடிந்தன. நான் அப்போது கனடாவுக்கு வந்துவிட்டேன். செய்தியை வாசித்து மிகவும் வருந்தினேன், இன்றும் வருந்துகிறேன். மாணவிகள் தன் முன்னிலையில் எதையும் பேசலாம் என்ற சுதந்திரம் வேறு, ஆசிரியர் அதில் கலந்துகொள்வது வேறு. அவரிடம் நான் கற்றதை அது அழிக்கவில்லை என்றாலும், அவரைப் பற்றி எழுதும் எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது.

2012 இன் பின்னர் அவருக்குக் கிண்ணம் கிடைக்கவில்லை. மற்றப் பல்கலைக்கழகங்களும் பணத்தையும் மனதையும் இந்த விளையாட்டில் போட்டுவிட்டன, அதற்கு வழி காட்டியவர்களுள் அவரும் ஒருவர். 2018, 2019, 2022 ஆகிய மூன்று இறுதி ஆட்டங்களிலும் தோற்றார். 2022 இல் யூசிஎல்ஏ (லொஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழக) அணிக்கு எதிராக 2-0 என்று முன்னிலையில் இருந்து, ஆட்டம் முடியச் சில விநாடிகள் இருக்கையில் சமன் செய்யப்பட்டு, மேலதிக நேரத்தில் இழந்ததை நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். அப்போது அவருக்கு 71 வயது. அடுத்த பருவத்துக்கும் வந்தார்.

பழைய ஃபெட்சர் இருந்த இடத்தில் 2019 இல் புதிய அரங்கு திறக்கப்பட்டது, அதன் திடலுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அவர் ஓய்வு பெற்ற அதே ஆண்டின் டிசம்பரில், அவரது உதவியாளராக இருந்த டேமன் நஹாஸின் பொறுப்பில், கேரி நகரில் வேக் ஃபொரஸ்ட் அணியை 1-0 என்று வென்று அந்தப் பெண்கள் மீண்டும் கிண்ணத்தைத் தூக்கினார்கள்.

அன்றிரவு யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் உயிர்த்தோழிக்குத் தொலைபேசி எடுத்தேன். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பெண் பிள்ளைகள் உதைபந்தில் அகில இலங்கை மட்டத்தில் வெல்வதைப் பற்றி அவள் நிறையச் சொன்னாள், தன் பேத்தியும் இப்போது பந்து உதைக்கிறாள் என்றாள். அந்த 200 மீற்றர் ஓட்டத்தைப் பற்றி அப்போதுதான் முதன்முறையாக அவளிடம் சொன்னேன். சற்று நேரம் அவள் பேசவில்லை. பிறகு, “ஏனடி அப்பிடிச் செய்தனி? நீ வந்திருந்தா நான் இன்னும் வேகமா ஓடியிருப்பன்” என்றாள்.