இரண்டு இடத்தில் சிஎஸ் கிடைத்துவிட்டால்: தாளில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

கம்ப்யூட்டர் சயின்ஸ் (சிஎஸ்) பட்டப்படிப்புக்குக் கையில் இரண்டு மூன்று சேர்க்கைக் கடிதங்கள் வந்ததும் எல்லோரும் முதலில் திறப்பது தரவரிசைப் பட்டியலை. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். க்யூஎஸ் உலகத் தரவரிசையில் கல்வியாளர்களிடம் கேட்டு வாங்கும் நற்பெயருக்கு மட்டும் 2024 பதிப்பில் 30 சதவீத எடை. அதற்கு முன்பு 40. சிஎஸ் துறைகளை மட்டும் வரிசைப்படுத்தும் சிஎஸ்ரேங்கிங்ஸ் வேறு ரகம். தேர்ந்தெடுத்த சில மாநாடுகளில் அந்தத் துறை ஆசிரியர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளை அது எண்ணுகிறது. ஒரு கட்டுரையை நான்கு பேர் எழுதியிருந்தால் ஆளுக்குக் கால் பங்கு. பிஎச்டி வழிகாட்டி தேடுபவருக்கு அது தங்கம். முதல் வருடப் புரோகிராமிங் வகுப்பை யார் எடுக்கிறார், அதில் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்பது இரண்டிலுமே தெரியாது.

உண்மையில் வேண்டியவை இரண்டு ஆவணங்கள்: பாடத்திட்டக் கையேடு, கடந்த நான்கு செமஸ்டர்களின் கால அட்டவணை. இரண்டாவதை யாரும் கேட்பதில்லை, ஆனால் விஷயமே அதில்தான் இருக்கிறது. கையேட்டில் நாற்பது எலெக்டிவ் (விருப்பப் பாடம்) அச்சாகியிருக்கும். கால அட்டவணையில் தேடினால் சில இடங்களில் அதில் கால்வாசிகூட நடந்திருக்காது. நீங்கள் ஆசைப்பட்ட கம்பைலர் (எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) பாடம் நான்கு செமஸ்டரில் ஒருமுறைகூட வரவில்லை என்றால், அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கவில்லை என்றால் துறை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள்.

பிறகு ஒரு தாளில் செமஸ்டருக்கு ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் முழுப் படிப்பையும் நிரப்பிப் பாருங்கள். முன்தேவைச் சங்கிலி, அதாவது எதை முடித்தால்தான் அடுத்ததை எடுக்க முடியும் என்ற வரிசை, அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். புரோகிராமிங் ஒன்று, இரண்டு, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன், ஆபரேட்டிங் சிஸ்டம், டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் என்று ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்றால் ஆறு செமஸ்டர் போய்விடும். எட்டு செமஸ்டர் படிப்பில் மிச்சம் இரண்டுதான். நடுவில் ஒரு பாடம் வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கிறது, அதில் தேறவில்லை அல்லது இடம் கிடைக்கவில்லை என்றால் அந்த இரண்டும் காலி. ஆறு செமஸ்டர் படிப்பு என்றால் சறுக்கவே வழியில்லை. அதே பாடத்தை இரண்டு செமஸ்டரிலும் நடத்தும் துறை, பெயர் கொஞ்சம் குறைந்ததாக இருந்தாலும், எங்கள் கணக்கில் ஒரு படி மேல்.

பாடங்களின் பெயரையும் சிலபஸையும் வைத்து ஒப்பிட முடியாது. எல்லா ஆபரேட்டிங் சிஸ்டம் சிலபஸிலும் பிராசஸ், மெமரி, ஃபைல் சிஸ்டம் என்றுதான் இருக்கும். அசைன்மெண்ட் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். எம்ஐடி தன் வகுப்புக்காக 2006இல் உருவாக்கிய எக்ஸ்வி6, ஸ்டான்ஃபோர்டில் பிறந்த பின்டோஸ் மாதிரி ஒரு குட்டிக் கெர்னலை (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) கையில் கொடுத்து, அதில் புதிதாக ஒரு சிஸ்டம் கால் சேர், பேஜ் டேபிளை மாற்று, காப்பி-ஆன்-ரைட் ஃபோர்க் எழுது என்று கேட்கும் வகுப்பு ஒன்று. எந்த வேலையை முதலில் ஓட்டுவது என்று தீர்மானிக்கும் ஷெட்யூலிங் முறைகள் நான்குக்குக் காத்திருப்பு நேரத்தைத் தாளில் கணக்குப் போடச் சொல்வதோடு முடியும் வகுப்பு இன்னொன்று. மதிப்பெண் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். ஆபரேட்டிங் சிஸ்டம், கம்பைலர், அல்காரிதம்ஸ் ஆகிய மூன்றை மட்டும் இப்படிச் சோதித்தாலே துறையின் தரம் பிடிபட்டுவிடும். முதல் வகுப்பில் பைத்தானா ஜாவாவா என்பதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கணிதத்துக்கு ஒரு அளவுகோல் உண்டு. தொழில்நுட்பப் படிப்புகளின் தரத்தைச் சரிபார்க்கும் அமெரிக்காவின் ஏபெட் அமைப்பின் அங்கீகாரம் சிஎஸ் படிப்பில் குறைந்தது 40 செமஸ்டர் கிரெடிட் கம்ப்யூட்டிங்கும் 15 கிரெடிட் கணிதமும் கேட்கிறது. டிஸ்கிரீட் கணிதம் கட்டாயம். அந்த அங்கீகாரம் இல்லாத இடத்தையும் இந்த எண்ணை வைத்து அளக்கலாம். ஐரோப்பிய இசிடிஎஸ் கிரெடிட்டில் ஒரு முழு வருடம் 60, அமெரிக்க முறையில் வழக்கமாக 30. ஆகவே இசிடிஎஸ் எண்ணை இரண்டால் வகுத்துவிட்டு ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு இடத்தில் இரட்டிப்பாகச் சொல்லித்தருவதுபோல் தோன்றும்.

பட்டத்தின் பெயரிலும் கவனம் வேண்டும். கம்ப்யூட்டர் துறைச் சங்கங்களான ஏசிஎம், ஐஇஇஇ கம்ப்யூட்டர் சொசைட்டி முதலியவை சேர்ந்து வெளியிட்ட 2005 அறிக்கை இந்தத் துறையைக் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ், ஐடி, சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் என்று ஐந்தாகப் பிரித்தது. செயற்கை நுண்ணறிவு என்று பெயர் சூட்டிய புதிய பட்டங்களை அதே பல்கலைக்கழகத்தின் சாதா சிஎஸ் பட்டத்தோடு பாடத்துக்குப் பாடம் ஒப்பிட்டுப் பாருங்கள். எது கழிந்து எது சேர்ந்தது என்று தெரியும். கழிந்தது ஆபரேட்டிங் சிஸ்டமோ கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷனோ என்றால் நாங்கள் சாதா சிஎஸ் பக்கம்தான்.

பலர் விழும் குழி ஒன்று உண்டு. சில பல்கலைக்கழகங்கள் நேரடியாக சிஎஸ்ஸில் சேர்ப்பதில்லை; பொதுவான முதல் வருடத்தில் சேர்த்துவிட்டு, மதிப்பெண் பார்த்துத்தான் சிஎஸ்ஸுக்குள் விடும். கடிதத்தில் பட்டத்தின் பெயருக்கு முன்னால் 'இன்டெண்டட்' (உத்தேச), 'ப்ரீ' (முன்நிலை) என்பதுபோல் ஒட்டு ஏதாவது இருந்தால் உஷாராகிவிடுங்கள். சென்ற ஆண்டு எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அதுவே பதில்.

வேலைவாய்ப்புச் சதவீதங்களில் எந்த எண்ணால் வகுத்தார்கள் என்று தேடுங்கள். 200 பேர் படித்த வகுப்பில் 120 பேர் பதிவு செய்து, 108 பேருக்கு வேலை கிடைத்தால் 90 சதவீதம் என்று போடலாம். மொத்த வகுப்பைப் பார்த்தால் 54. சம்பளத்திலும் அதே கதை. ஒன்பது பேருக்கு 6, ஒருவருக்கு 60 என்றால் சராசரி 11.4, இடைநிலை 6. இடைநிலையைச் சொல்ல மறுக்கும் இடத்தில் சராசரியை நம்ப வேண்டாம்.

பணத்தை மொத்தப் படிப்புக்கும் கூட்டி, ஒரு செமஸ்டர் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். உதவித்தொகை இருந்தால் அடுத்த வருடம் நீடிக்க எவ்வளவு மதிப்பெண் வேண்டும், ஒருமுறை போனால் திரும்புமா என்பதைப் படியுங்கள். முதல் வருடக் கணிதத்தில் வழுக்கி அதை இழப்பவர்கள் உண்டு.

மாணவர்களிடம் பேசுவதென்றால் மூன்றாம் வருடத்தவரைப் பிடியுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "சூப்பர்" என்பார்கள், அதனால் பயனில்லை. அசைன்மெண்ட் திருத்தி வர எத்தனை நாள், போன செமஸ்டரில் கேட்டு இடம் கிடைக்காத பாடம் எது, சந்தேகம் என்றால் முதலில் யாரிடம் போவீர்கள் என்று கேளுங்கள்.

முன்பணம் கட்டும் முன் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியதும், நீங்கள் சேரும் ஆண்டுக்கான பாடத்திட்டக் கையேட்டின் பிடிஎஃப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் விதி மாறினால், பெரும்பாலான இடங்களில் உங்களுக்குச் செல்லுபடியாவது அந்தப் பிரதிதான்.