ஆன்ட்வெர்ப்பில் ஒரு செப்புத் தகடு

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் வெள்ளிக்கிழமைச் சந்தை என்ற சிறு சதுக்கத்தின் ஓரத்தில் இருக்கிறது பிளான்டின்-மொரேட்டஸ் அருங்காட்சியகம். 16ஆம் நூற்றாண்டில் தொடங்கி ஒரே குடும்பம் 300 ஆண்டுகள் நடத்திய அச்சகம் இது. நான் அங்கே போனது ஒரு காதல் புத்தகத்துக்காக.

'அமோரும் எம்ப்ளமாட்டா', 1608இல் இதே ஊரில் வந்தது. படங்கள் ஓட்டோ வான் வேனுடையவை. ரூபன்ஸுக்கு ஓவியம் கற்பித்தவர். அவற்றைச் செம்பில் செதுக்கியவர் கோர்னெலிஸ் பூல். மொத்தம் 124 படங்கள், எங்கு திரும்பினாலும் சிறகு முளைத்த குழந்தையாக ரோமானியர்களின் காதல் கடவுள் க்யூபிட். ஒரு பக்கம் லத்தீன் வரிகள், டச்சு முதலான மொழிகளில் குட்டிக் கவிதைகள்; எதிர்ப்பக்கம் படம். இந்த வகை டச்சுக் காதல் நூல்களை யுட்ரெக்ட் பல்கலைக்கழகம் இணையத்தில் போட்டிருக்கிறது. பல இரவுகள் அதில் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்பினேன். க்யூபிட் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் படம் எனக்கு உயிர்.

அச்சுக்கூடத்தில் உலகின் மிகப் பழைய அச்சு எந்திரங்கள் இரண்டு நிற்கின்றன, 1600 வாக்கில் மரத்தால் செய்தவை. அச்சுக்கோத்த ஈய எழுத்துகளின் மேட்டில் மை தடவித் தாளை அழுத்துவார்கள். செப்புத் தகட்டுக்கு அது உதவாது, அதில் கோடு பள்ளம். தகடு முழுக்க மை தேய்த்து, மேற்பரப்பை வழித்துத் துடைத்தால் மை பள்ளத்தில் மட்டும் நிற்கும். ஈரத் தாளை மேலே வைத்து உருளைகளுக்கு நடுவே கொடுக்க வேண்டும். தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். ஆகவே கவிதையும் படமும் ஏறும் தாள் இந்த இரண்டு வகை எந்திரங்களுக்கும் போய்வர வேண்டும். இது தெரிந்த பிறகு அந்தப் பக்கங்களை நான் வேகமாகப் புரட்டுவதே இல்லை.

கண்ணாடிக்குள் இருந்த ஒரு தகட்டின் அருகே குனிந்தேன். எல்லாம் இடம் வலமாக மாறியிருந்தது. நிழல் என்று தனியாக எதுவும் இல்லை. கோடு தடித்து நெருங்கும் இடம்தான் நிழல். உளியை அப்படிப் பிடிக்க எத்தனை வருடப் பழக்கம் வேண்டும்! பெரிய ஓவியர்களுக்குக் கிடைத்த பெயரில் பாதியாவது தகடு செதுக்கிய இவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

அப்புறம் லண்டன். நேஷனல் கேலரியில் டச்சு ஓவியர் வெர்மீரின் ஓவியம்: வர்ஜினல் என்ற இசைக்கருவியின் முன் ஒரு பெண் நிற்கிறாள், பின்சுவரில் ஒரு அட்டையை உயர்த்திக் காட்டும் க்யூபிட். வான் வேனின் புத்தகத்தில் '1' என்று எழுதிய பலகையைத் தூக்கிப் பிடித்து, மற்ற எண்கள் உள்ள பலகையைக் காலால் மிதிக்கிறான் க்யூபிட். காதல் ஒருவரிடம்தான் என்று பொருள். அந்தப் படத்தோடுதான் ஆய்வாளர்கள் இதைச் சேர்த்துப் படிக்கிறார்கள். வெர்மீர் அட்டையை வெறுமையாக விட்டுவிட்டார். எனக்கு அதில் '1' தெரிந்தது.