ஸ்டூவர்ட் வந்த வழி

ஸ்காட்லாந்தை ஆண்ட அரச குடும்பத்தின் பெயரான ஸ்டூவர்ட் என்றாலே அசல் ஸ்காட்லாந்துப் பெயர் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பார்த்தால் பூர்வீகம் பிரான்சின் பிரிட்டனி பக்கம், டோல் என்ற ஊர். அங்கேயே இந்தக் குடும்பத்துக்கு நிர்வாகி வேலைதான். 12ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு வந்தார்கள், அங்கிருந்து வால்டர் என்பவர் ஸ்காட்லாந்து மன்னர் முதலாம் டேவிட்டிடம் போய் அரண்மனை நிர்வாகி, அதாவது 'ஸ்டுவர்ட்' (steward) ஆக, அது பரம்பரைப் பதவியாகி, கடைசியில் குடும்பப் பெயராகவே ஒட்டிக்கொண்டது. 1371இல் அவர் வழிவந்த ராபர்ட் அரசராகிவிட்டார். சரி, அரியணை ஏறிய பிறகாவது பெயரை மாற்றினார்களா என்றால், இல்லை! அப்புறம் ஆங்கிலத்தில் Stewart, Stuart என்று வரும் அந்த எழுத்து வேறுபாடு: பிரெஞ்சில் 'டபிள்யூ' அவ்வளவாகப் புழங்காது, அதனால் பிரான்சில் வளர்ந்த ஸ்காட்லாந்தின் மேரி ராணி காலத்தில் அந்த இடத்தில் 'யூ' வந்து உட்கார்ந்தது. இன்றும் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள்.