அரிச்சல்முனையில் டயர் தடங்களுக்கு நடுவே இரண்டு முட்டைகள்

ஊர் திரும்பி இரண்டு நாளாகிறது, கோபம் இன்னும் அடங்கவில்லை. எங்கே தங்குவது, எப்போது போவது என்பதையெல்லாம் பிறகு எழுதுகிறேன். முதலில் அந்த ஜீப்.

மே மாதக் கடைசி. ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு டவுன் பஸ் இருக்கிறது. சில்லறைக் காசில் போய்விடலாம். வெயில் ஏறுமுன் போய்ச் சேரும் அவசரத்தில் ஜீப் பேசினேன். 800 ரூபாய் என்றவர் பாதி வழியில், காத்திருப்புக்குத் தனி என்று 1,200 ஆக்கினார். அன்றைய முழுச் செலவுக்கும் நான் ஒதுக்கியதே 1,500. அதையும் பொறுத்துக்கொண்டேன். தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடியும் அரிச்சல்முனைக்குச் சற்று முன்பு, நல்ல தார்ச்சாலையை விட்டு வண்டியை மணலில் இறக்கினார். “தண்ணீர் ஓரமாகவே போகலாம் அக்கா, போட்டோ நன்றாக வரும்.” “நிறுத்துங்கள் அண்ணே” என்று கத்திய பிறகுதான் நிறுத்தினார்.

இறங்கினால், பத்தடி முன்னால் சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய பறவை ஒன்று, ஒரு சிறகைத் தொங்கவிட்டு மணலில் இழுத்து இழுத்து ஓடுகிறது. அடிபட்ட பறவை அல்ல. முட்டைகளிடமிருந்து நம்மை விலக்கிக் கூட்டிப்போக அது போடும் வேடம். அனுமன் உப்புக்கொத்தி என்னும் கரையோரப் பறவை! தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் முட்டையிடும் இதைத் தனி இனம் என்று ஆய்வாளர்கள் 2023இல்தான் பிரித்தார்கள். ராமர் பாலத்தை நினைத்து வைத்த பெயர். அந்தப் பாலம் தொடங்கும் இடத்திலேயே அதைப் பார்த்தபோது மெய்சிலிர்த்தது.

கூடு என்று சொல்ல எதுவும் இல்லை. மணலில் ஒரு சிறு குழி, சில சிப்பித் துண்டுகள், மணல் நிறத்தில் கரும்புள்ளியிட்ட இரண்டு முட்டைகள். இரு பக்கமும் பழைய டயர் தடங்கள். ஒன்று ஒரு சாண் தூரத்தில். ஏற்றியவருக்குக்கூடத் தெரிந்திருக்காது. வண்டி பின்னால் போக, சக்கரத்துக்கு முன் மணலைப் பார்த்துக்கொண்டே சாலைவரை நடந்தேன்.

நாம் நின்றாலே ஆபத்துதான். அடைகாக்கும் பறவை எழுந்துவிட்டால் அந்தக் கொதிமணலில் முட்டைகளுக்கு நிழல் கிடையாது. வெயில் கடுமையானால் வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும் இனங்கள் இவை. செல்ஃபி எடுக்கப் பத்து நிமிடம் நிற்கும் கூட்டம் அதையும் தடுத்துவிடுகிறது. 2017இல் அரிச்சல்முனைவரை சாலை வந்ததிலிருந்து கூட்டத்துக்குக் குறைவில்லை.

2025 ஜூனில் தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மனமார மகிழ்ந்தவள் நான். ஆனால் பூநாரை எல்லார் கண்ணிலும் படும். கோடையில் வெறும் மணலில் முட்டையிடும் உப்புக்கொத்திக்கும் சிற்றாலா என்னும் சிறு கடற்பறவைக்கும் ஒரு கயிறு வேலியாவது கட்ட வேண்டும். மே, ஜூனில் போகிறவர்கள் மணலில் வண்டியை இறக்கச் சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள்.

மதியம் ஓலைக் கொட்டகையில் சாப்பாடு. சுடுசோறு, புளி தூக்கலான மீன் குழம்பு, மொறுமொறு நகரை மீன் வறுவல். 150 ரூபாய்க்கு இவ்வளவு ருசியாக நான் எங்கும் சாப்பிட்டதில்லை. கழிவை எங்கே கொட்டுவீர்கள் என்று கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். “பின்னால்தான் தாயி, நாயும் காக்காயும் தின்றுவிடும்.” கொட்டகைக்குப் பின்னால் மூன்று நாய்கள் படுத்திருந்தன. குழிதோண்டிப் புதைக்க முடியுமா என்றேன்; மகனிடம் சொல்கிறேன் என்றார்.

மாலையில் பஸ்ஸில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்தபோது, அந்த மூன்றும் மணலை மோந்தபடி முனைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன.