தொடையில் போடும் ஊசி மூளையை எப்படிக் காக்கும்?

தக்கலை மைனி கேட்ட கேள்வி இது. மூளையுறைக் காய்ச்சலைத் தரும் ஹிப், நியூமோகாக்கஸ் பாக்டீரியாக்கள் பலர் மூக்கிலும் தொண்டையிலும் சும்மாதான் இருக்கும், ரத்தத்தில் இறங்கி மூளையுறைக்குப் போனால்தான் ஆபத்து. மேலே வழுக்கலான சர்க்கரை உறை இருப்பதால், விலாங்கு மீன் மாதிரி வெள்ளையணுக்களிடமிருந்து நழுவிவிடும். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கி ரத்தத்தில் சுற்றவிடும் எதிர்ப்பொருள் அதில் ஒட்டினால்தான் பிடி கிடைக்கும். ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உடம்பு வெறும் சர்க்கரையை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது, அதனால் அதை ஒரு புரதத்தோடு இணைத்து ஊசியில் கொடுக்கிறார்கள் (பயங்கர மூளைதான்!), அப்போது டி செல்கள் என்ற ஒருவகை வெள்ளையணுக்களும் உதவிக்கு வந்து, எதிர்ப்பொருளோடு, கிருமியை ஞாபகம் வைத்துக்கொள்ளும் நினைவு செல்களும் உருவாகும். ஹிப்புக்கு 6, 10, 14 வாரங்களில் போடும் பெண்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி), தமிழ்நாட்டில் 2011 முதல் இருக்கிறது. நியூமோகாக்கஸுக்குத் தனி ஊசி. எல்லா வகைக் கிருமிக்கும் இவை போதாது, அதனால் ஊசி போட்ட பிள்ளையானாலும் காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிக்கொண்டிருக்காமல் நேரே ஆசுபத்திரிக்குப் போங்கள்.