அட்வான்ஸ் என்னும் அடுத்தவர் பணம்

வீட்டை வாடகைக்கு விடுகிறவர் மாதாமாதம் வரும் வாடகையைவிடக் கவனமாகக் கையாள வேண்டியது, குடிவரும் நாளில் மொத்தமாகக் கைக்கு வரும் அட்வான்ஸைத்தான். வருமானம்போலத் தோன்றும் அந்தப் பணம் ஒரு குடும்பத்தின் சேமிப்பு. பல வீடுகளில் நகையை அடகு வைத்துப் புரட்டிய தொகை. வேளச்சேரியில் அப்பா கட்டிய மூன்று போர்ஷன் வீட்டின் பொறுப்பு எனக்கு வந்ததும், எல்லாக் குடித்தனங்களின் அட்வான்ஸையும் வங்கியில் தனியாக வைப்புத்தொகையாகப் போட்டேன். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கை இறுகியபோதும் அதைத் தொடவில்லை.

வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் நடுவே நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை காலி செய்யும் வாரத்தில்தான் வெடித்திருக்கின்றன. அட்வான்ஸை வீட்டுக்காரர் எப்போதோ செலவழித்திருப்பார். அடுத்த ஆள் வந்து கொடுத்தால்தான் இவருக்குத் திருப்பித் தர முடியும். அதுவரை காலம் கடத்த ஆணி அடித்த ஓட்டை, மங்கிய சுண்ணாம்பு, கறை படிந்த தரை என்று ஒவ்வொன்றாகக் காரணங்கள் முளைக்கும். போகிறவருக்கோ அந்தப் பணம் கைக்கு வந்தால்தான் புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியும். அதனால், காலி செய்யப்போவதாகச் சொன்னவுடன் பாதியைக் கொடுத்துவிடுகிறேன். மீதியைச் சாவி வாங்கும் அன்றே வங்கி மூலம் அனுப்பிவிடுகிறேன். குடிவரும் நாளில் இருவரும் சேர்ந்து சுவர், குழாய், கதவு என எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்வதால் வெளியேறும்போது வாக்குவாதம் வருவதில்லை. ஐந்து வருடம் ஒருவர் குடியிருந்தால் சுவரின் நிறம் மங்கத்தான் செய்யும். அந்த வெள்ளையடிப்பு வீட்டுக்காரரின் செலவு என்பதே என் கருத்து. உடைந்த வாஷ்பேசினுக்கு மட்டுமே பிடித்தம்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் வழக்கம் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. நான் மூன்று மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதற்கும் சோம்பல்படுவதில்லை. பழைய பதினோரு மாத ஒப்பந்தத்தை நகல் எடுத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்கள், பிரச்சினை வரும்போது கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறார்கள்.

வாடகையை முழு வருமானமாக எண்ணி வாழ்வதும் ஆபத்துதான். கட்டிய சொத்து வரியைக் கழித்த பிறகு எஞ்சும் தொகையில் 30 சதவீதத்தை வருமான வரிச் சட்டமே நிலையான கழிவாக விட்டுவிடுகிறது. அதே அளவைப் பராமரிப்புக்கென ஒதுக்கி வைக்கிறேன். மோட்டார் எரியும், சம்ப்பில் விரிசல் விடும், மொட்டை மாடியில் நீர் கசியும். 2022இல் சொத்து வரி உயர்ந்தபோது அதை அப்படியே குடித்தனங்களின் தலையில் ஏற்றாமல் சமாளிக்க இந்த ஒதுக்கீடுதான் கைகொடுத்தது.

வாடகையை ஆயிரம் ரூபாய் ஏற்றினால் வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம் கூடும். அதனால் ஒரு நல்ல குடித்தனம் வெளியேறி, பன்னிரண்டாயிரம் ரூபாய் வாடகையுள்ள போர்ஷன் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் இருபத்துநாலாயிரம் போய்விடும். தரகருக்குக் கொடுப்பதும் வெள்ளையடிப்பும் தனி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலே வாடகையை ஏற்றுகிறவர்கள் அதிகம்.

2020 பொது முடக்கத்தில், கீழ் போர்ஷனில் இருந்த வாடகைக் கார் ஓட்டுநருக்கு வருமானம் அடியோடு நின்றது. “அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் அண்ணா” என்றார் அவர் மனைவி. பாதி வாடகையை மட்டும் கணக்கில் வைத்து, அதை அட்வான்ஸில் கழித்து, மாதாமாதம் நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். அவர்கள் பணம் வங்கியில் அப்படியே இருந்ததால் எனக்குப் பதற்றம் இல்லை. வண்டி ஓடத் தொடங்கியதும் குறைந்த தொகையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பினார்கள். வேறொருவர் நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டே வாடகையை இழுத்தடித்தார். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திவிடச் சிலர் யோசனை சொன்னார்கள். அதைச் சட்டம் அனுமதிப்பதில்லை, மனிதத்தன்மையும் அல்ல. எழுத்துமூலமாக நோட்டீஸ் அனுப்பினேன். இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, நோட்டீஸ் கொடுத்தும் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தை அணுகலாம் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. பாக்கியைக் கட்டிவிட்டார்.

வேளச்சேரியில் வெள்ளத்தைக் கணக்கில் எடுக்காமல் வீட்டை வாடகைக்கு விட முடியாது. 2015 டிசம்பருக்குப் பிறகு மீட்டர் பலகையையும் மோட்டார் சுவிட்சையும் ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றினோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கீழ் போர்ஷனுக்குள் தண்ணீர் புகுந்தும் மின்கசிவு ஏற்படவில்லை. அந்த மாத வாடகையை வாங்கவில்லை. குடியிருக்க முடியாத இடத்துக்கு எப்படி வாடகை கேட்பது? கட்டடத்துக்கு நான் காப்பீடு எடுத்திருந்தேன். குடித்தனத்தின் ஃபிரிட்ஜ், மெத்தை, பீரோ எதற்கும் காப்பீடு இல்லை. வாடகைக்கு இருப்பவர்களும் தங்கள் பொருட்களுக்கு மட்டும் காப்பீடு எடுக்க முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இப்போது ஒப்பந்தம் போடும் நாளிலேயே இதைச் சொல்கிறேன். தெருவில் 2015இலும் 2023இலும் எந்த மட்டம் வரை தண்ணீர் நின்றது என்பதையும் மறைக்காமல் காட்டுகிறேன். கேட்டுவிட்டு வேண்டாம் என்று போனவர்களும் உண்டு.

வீடு காலியாகும்போதெல்லாம் தரகர்கள் கேட்கும் முதல் கேள்வி, “எந்த ஆட்களுக்குக் கொடுப்பீர்கள்?” சாதியையும் சமயத்தையும் சாப்பாட்டையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். தனியாக வாழும் பெண் என்றால் இன்னும் தயங்குகிறார்கள். இவற்றில் எதுவும் வாடகை ஒழுங்காக வருமா, வீடு பத்திரமாக இருக்குமா என்பதைச் சொல்லிவிடாது. எங்கே வேலை, எத்தனை பேர், எவ்வளவு காலம் இருக்க உத்தேசம், முன்பிருந்த வீட்டுக்காரரிடம் பேசலாமா என்பதற்கு மேல் நான் கேட்பதில்லை. மாடி போர்ஷனில் இப்போது ஒரு செவிலியர் தன் தாயாரோடு இருக்கிறார். தனியாக இருக்கும் பெண்ணுக்கும் அம்மாவுக்கும் வீடு இல்லை என்று பல இடங்களில் திருப்பி அனுப்பப்பட்டவர். வாடகை ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடுகிறது.