62.1 கிலோவும் ஒரு இனிஷியலும்

பெங்களூரில் ராணுவ அதிகாரி வேலைக்கான எஸ்எஸ்பி (SSB) தேர்வு ஐந்து நாள் நடந்து நல்லபடியாக முடிந்தது. அதைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். என்னை அலைக்கழித்தது அதற்குப் பிறகு மருத்துவப் பரிசோதனையில் ஏறி நின்ற எடை மெஷின்.

எனக்கு வயது 22, உயரம் 168 செ.மீ. ராணுவ அட்டவணைப்படி 20 தாண்டி 30க்குள் இருப்பவருக்கு இந்த உயரத்தில் உச்ச எடை 62.1 கிலோ. நான் 67.5. ஓவர்வெயிட், தற்காலிகத் தகுதியின்மை என்று எழுதிவிட்டார்கள். என் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் எண், 23.9. உலகளவில் பொதுவாகச் சொல்லும் 25 என்ற வரம்புக்குள்தான். ராணுவக் கணக்கு வேறு. 20 வயது வரை பிஎம்ஐ 21, அதற்கு மேல் 30 வரை 22, அவ்வளவுதான் இடம். கிளம்பும் முன்பே இந்த அட்டவணையைப் பார்த்துவிடுங்கள், தயவுசெய்து.

எனக்குத் தொப்பை கிடையாது. பத்தாவதிலிருந்து குத்துச்சண்டை ஆடி வந்த உடம்பு. ராணுவ டாக்டரிடம் அதைத்தான் சொன்னேன். "ஆதாரம் வச்சிருக்கியா?" என்று கேட்டார். சர்டிபிகேட் கொண்டலாம்பட்டியில் வீட்டு பீரோவில் இருந்தது.

விதியில் இதற்கு வழி இருக்கிறது. பாடிபில்டிங், மல்யுத்தம், குத்துச்சண்டை என்று தசை ஏறிய உடம்பாக இருந்து, அதற்கு எழுத்துபூர்வ ஆதாரமும் இருந்தால் கூடுதல் எடையை ஏற்பார்கள். ஆனால் பிஎம்ஐ 25க்குள், இடுப்பளவு 90 செ.மீ.க்குள், இடுப்புக்கும் பிட்டத்துக்கும் உள்ள விகிதம் 0.9க்குள் இருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையும் சரியாக வர வேண்டும். ஜிம் மாஸ்டர் லெட்டர்பேடில் எழுதித் தருவதை நம்பிப் போகாதீர்கள். போட்டியில் ஆடிய சான்றிதழ்தான் பேசும்.

தகுதியில்லை என்றதை எதிர்த்து மறுபடி பரிசோதிக்கச் சொல்லிப் போகும் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவுக்கு 42 நாள் கெடு. ஊருக்கு வந்து பீரோவைத் திறந்தால் அடுத்த இடி. மாவட்டப் போட்டிச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் வேறு இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. போட்டி நடத்தியவர்களிடம் போனேன். "செயலாளர் இல்ல தம்பி, செவ்வாக்கிழமை வாங்க." செவ்வாய் போனால் பழைய ரெஜிஸ்டர் யார் வீட்டிலோ இருக்கிறதாம். மூன்றாவது தடவை அப்பா தறியை நிறுத்திவிட்டுக் கூடவே வந்தார். அவர் பேசியது ரெண்டே வார்த்தை: "பையன் வாழ்க்கைங்க." அன்றைக்குச் சாயங்காலமே ரெஜிஸ்டர் வந்தது, திருத்திய சான்றிதழும் கிடைத்தது. அதற்குள் 19 நாள் போய்விட்டது.

சான்றிதழை மட்டும் நம்பி உட்காராமல் எடையையும் குறைத்தேன். வாரத்தில் நாலு நாள் காந்தி ஸ்டேடியத்தில் ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்திலிருந்து ஏற்காடு ரோட்டில் ஏறு நடை. அந்த ரோட்டில் இறங்கும்போது ஓடாதீர்கள். முதல் வாரமே கொண்டை ஊசி வளைவுகளில் ஓடி இறங்கி முழங்கால் வீங்கி, நாலு நாள் வீணானது. காலையில் களி, ராத்திரி சோறு இல்லை. தட்டுவடை செட் வண்டி இருக்கும் தெருப்பக்கமே போகவில்லை. கூட இருந்த ஒரு பையன் ரெண்டு நாள் தண்ணீரே குடிக்காமல் எடை பார்க்கப் போய் மயங்கி விழுந்தான். அந்த வேலை மட்டும் வேண்டாம்.

மேல்முறையீட்டு நாளில் எடை 63.8. இன்னும் 1.7 கிலோ அதிகம். நெஞ்சு அடித்துக்கொண்டது. டேப் வைத்து அளந்தார்கள்: இடுப்பு 78, பிட்டம் 93. விகிதம் 0.84. சர்க்கரை, கொழுப்பு எல்லாம் அளவுக்குள். சான்றிதழின் அசலை வாங்கி, ஆதாரோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த இனிஷியலை மாற்றாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

ஃபிட். இறுதித் தேர்வுப் பட்டியலான மெரிட் லிஸ்ட்டுக்குக் காத்திருக்கிறேன். தண்ணீர் குடிக்காமல் விழுந்த தம்பிக்கு மேல்முறையீட்டுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அவனுடைய மல்யுத்தச் சான்றிதழில் பிறந்த தேதி தப்பு. நாளைக் காலையில் நானும் கூடப் போகிறேன்.